கன்றின் எடைக்கு யார் பொறுப்பு?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது பழமொழி. அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எல்லோரும் விசாரிப்பது தகப்பனைப் பற்றித்தான்! பொலிகாளை ஏலத்துக்கான கேட்டலாக்கில் காளையின் வம்சத்துக்குப் பக்கத்தில் அது பிறந்தபோது இருந்த எடையும் அச்சாகியிருக்கும். எண் சிறியதாக இருந்தால் நம்பி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. பெரியதாக இருந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுவார்கள்.

இந்தப் பயம் நியாயமானதுதான். ஆங்கஸ் இனக் கன்று பிறக்கும்போது 35 கிலோ அளவில் இருக்கும். தலை ஈற்றுக் கிடாரிக்கு இடுப்பெலும்பு வழி குறுகல். கன்று அதற்கு மீறிப் பெரிதாக இருந்தால் காலில் சங்கிலி கட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கன்று மூச்சுத் திணறிச் சாகலாம், தாயும் சாகலாம். தாய் பிழைத்தாலும் மறுபடி சினை பிடிக்கத் தாமதமாகும். 1960-களின் இறுதியில் தொடங்கி சிமென்டல், லிமோசின் போன்ற பெரிய ஐரோப்பிய இனங்கள் வட அமெரிக்காவுக்கு வந்தன. சிறிய உடல் கொண்ட பசுக்களோடு அவற்றைக் கலந்தபோது இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் அந்த ஒற்றை எண்ணை அப்படியே நம்பலாமா?

ஒரே மந்தையில் பிறக்கும் கன்றுகளுக்கு இடையே எடை வித்தியாசம் இருக்கிறது அல்லவா? அதில் சுமார் 30 முதல் 45 சதவீதம் வரை கன்றின் சொந்த மரபணுவால் வருவது என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மிச்சம் பல கைகளில் இருக்கிறது. கிடேரிக் கன்றைவிடக் காளைக் கன்று கனமாகப் பிறக்கும். இரட்டைக் கன்றுகள் எடை குறைந்து பிறக்கும். தாயின் வயதும் முக்கியம். பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி, 2 வயதுத் தாயின் கன்றை மற்றக் கன்றுகளோடு ஒப்பிடும் முன் 8 பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தாயின் வயிறு எவ்வளவு பெரிய சக்தி என்பதை 1938-ல் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் குதிரைகளில் காட்டினார்கள். பெரிய ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்ட் இனத்தையும் இரு விதமாகவும் கலந்தார்கள். கலப்பு ஒன்றுதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது!

வானிலைக்கும் பங்கு உண்டு. 1990-களில் நெப்ராஸ்காவில் சில ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடுங்குளிர் ஆண்டில் பிறந்த கன்றுகள், மிதமான குளிர் ஆண்டில் பிறந்தவற்றைவிடச் சராசரியாக 5 கிலோ அதிகம் இருந்தன. குளிரில் பசுவின் ரத்தம் தோலை விட்டு உள்ளுறுப்புகளுக்குத் திரும்புகிறது, கருப்பைக்கும் கூடுதலாகப் போகிறது என்பது சொல்லப்படும் விளக்கம்.

அப்படியானால் கேட்டலாக்கில் உள்ள எண், பாதிக்கு மேல் குளிர், தாயின் வயது, மேய்ச்சல் இவற்றின் கணக்கு! ஒரு வருட லாபத்தை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியின் நிர்வாகத்தை யாராவது எடை போடுவார்களா?

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இனச் சங்கங்கள் இபிடி என்ற மதிப்பீட்டைத் தருகின்றன. உறவுக் காளைகள், ஏற்கனவே பிறந்த கன்றுகள், இப்போது டி.என்.ஏ. சோதனை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். +1 பவுண்டு உள்ள காளையையும் +4 உள்ள காளையையும் ஒரே தரப் பசுக்களோடு சேர்த்தால், கன்றுகளில் சராசரியாக 3 பவுண்டு வித்தியாசம் எதிர்பார்க்கலாம். சிரமமில்லாமல் ஈனுவதற்குத் தனி மதிப்பீடே இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தராசு காட்டிய எடையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது காசுக்கும் நஷ்டம், மாட்டுக்கும் நஷ்டம்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. கன்று பெருத்துவிடும் என்று பயந்து, கடைசி மாதங்களில் சினைக் கிடாரிக்குத் தீவனத்தைக் குறைப்பது. கருவின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது, ஆகவே கணக்கு சரிபோலத் தோன்றும். நடப்பது வேறு. கன்றின் எடை கொஞ்சம் குறைகிறது, ஈற்றுச் சிரமம் குறைவதில்லை. தாய் தளர்ந்து போகிறது, கன்று நோஞ்சானாகப் பிறக்கிறது, அடுத்த சினை தள்ளிப் போகிறது. காளையைத் தேர்ந்தெடுத்தவர் செய்த தவறுக்குப் பசு பட்டினி கிடக்கிறது!

மனிதன் தேர்வு செய்வதன் உச்சத்தை பெல்ஜியன் புளூ இனத்தில் பார்க்கலாம். மயோஸ்டாட்டின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் அந்த மாடுகளுக்குத் தசை திரண்டு வளர்கிறது. காரணமான மரபணு 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே மனிதர்கள் அந்தத் தசையைத் தேடித் தேடி வளர்த்துவிட்டார்கள். விளைவு? பெல்ஜியத்தில் தூய இனப் பசுக்களில் பெரும்பாலானவை சிசேரியன் மூலமே ஈனுகின்றன.

அதற்காக மிகச் சிறிய கன்றுதான் நல்லது என்று ஓடவும் வேண்டாம். பிறப்பு எடையைக் குறைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிந்தைய வளர்ச்சியையும் குறைக்கின்றன. மிக மெலிந்த கன்று குளிரையும் தாங்காது. அளவோடு இருப்பதே அழகு.

குளிரை யாராலும் நிறுத்த முடியாது. தாயின் வயதையும் மாற்ற முடியாது. காளையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் முழுக்க மனிதன் கையில் இருக்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, பசுவுக்கு வயிறாரத் தீவனம் போடட்டும். வலியைத் தாங்கப் போவது அதுதானே!