செய்தியின் முகத்தை மூடலாமோ?

மாரி காலம். இரவு முழுவதும் மழை ஓயவில்லை. கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர் விடியுமுன் எழுந்து கைத்தொலைபேசியைத் திறக்கின்றார். அவர் அறிய விரும்புவது ஒன்றே. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டனவா, இல்லையா? செய்தி இணையத்தளத்தைத் தொட்டதும் முதலில் தோன்றுவது நகைக்கடை விளம்பரம். அதை அகற்றினால் காணி விற்பனை. அதையும் அகற்றினால் தானாக ஓடும் சினிமாக் காட்சி. அவர் தேடிய செய்தியோ எல்லாவற்றுக்கும் கீழே, வெளிறிய சாம்பல் நிற எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் சூழ்ந்ததை அறிந்த எவரும் இதனைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடமாட்டார்.

பக்க அமைப்பு என்பது அலங்கார வேலைதானே, அதைப்பற்றி அரசியல் வாரப் பத்திரிகைக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று தீர்மானிப்பவரே மக்கள் எதை முதலில் அறியவேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றார். பக்கத்தைப் பார்த்தாலே அது யாருக்கு ஊழியம் செய்கின்றது என்பது விளங்கிவிடும்.

பத்திரிகை உலகம் இந்தப் பாடத்தை முன்னரே கற்றது. இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் முதற்பக்கத்தை நெடுங்காலமாகச் சிறு விளம்பரங்களே நிரப்பின. 'மான்செஸ்டர் கார்டியன்' 1952ஆம் ஆண்டில் முதற்பக்கத்தைச் செய்திக்கு ஒப்படைத்தது. 'டைம்ஸ்' 1966 மே 3ஆம் திகதிதான் அவ்வாறு செய்தது. எனினும், அதே 'டைம்ஸ்' 1932இலேயே வாசிப்போரின் கண்ணைக் கருதி, ஸ்டான்லி மொரிசனின் மேற்பார்வையில் தனக்கெனப் புதிய எழுத்துருவை உருவாக்கிக் கொண்டது. அன்று முதற்பக்கத்தை விட்டு இறங்கிய விளம்பரம் இன்று இணையத்தில் மீண்டும் அரியணை ஏறியிருக்கின்றது. பழைய விளம்பரமாவது தன் இடத்தில் அடங்கிக் கிடந்தது. இன்றைய விளம்பரமோ செய்தியின்மேல் ஏறி அதன் முகத்தையே மூடுகின்றது. அதைச் சுமந்து வரும் டேட்டாவுக்குப் பணம் கட்டுபவரும் வாசகரே!

விளம்பரமின்றிப் பத்திரிகை நடவாது என்பதை நாம் அறியாதவரல்லர். கூலி கொடுக்கவேண்டும், மின்சாரக் கட்டணம் கட்டவேண்டும். விளம்பரத்துக்கு ஓர் இடம் இருக்கட்டும். ஆனால் திண்ணையில் இடம் பெற்றவர் வீட்டுக்காரரை வெளியே தள்ளலாமோ?

ஆபத்து வேளையில் எது தேவை என்பதை 2017 செப்டம்பர் காட்டிற்று. இர்மா என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் புளோரிடாவை நெருங்கியபோது, சி.என்.என்., என்.பி.ஆர். ஆகிய நிறுவனங்கள் எழுத்து மட்டுமே கொண்ட பக்கங்களை மக்களுக்கு வழங்கின. படமில்லை, விளம்பரமில்லை. தொடர்பு நலிந்த இடத்திலும் அவை விரைந்து திறக்கும். காரணம் எளியது. ஒரு செய்தியின் எழுத்துகள் யாவற்றையும் திரட்டினாலும் சாதாரணமான ஒரு நிழற்படத்தின் பாரம் வராது. செல்வம் நிறைந்த அந்நாட்டில் செய்யப்பட்டது நமக்கு இயலாததா?

தமிழ் வாசகருக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. முன்னர் ஒவ்வொரு தளமும் வெவ்வேறு எழுத்துருவைக் கையாண்டது. அது கைவசம் இல்லாதவர் கண்டதெல்லாம் பொருளற்ற குறிகளே. யூனிக்கோட் முறை அந்தக் குறையைப் போக்கியது. ஆயினும் எழுத்தைச் சிறிதாக்கி, வரிகளை நெருக்கி, நிறத்தை வெளிறச் செய்யும் வழக்கம் போகவில்லை. ஆங்கில எழுத்துக்குப் போதிய இடைவெளி தமிழுக்குப் போதாது. நம் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும் உண்டு. கீழே வளைவும் உண்டு. 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு சுழியே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேற்றுமை குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்கவேண்டும் என இணையத்துக்கான சர்வதேச அணுகல் நெறிகள் 2008இலேயே வகுத்துள்ளன. குளிரூட்டிய அறையில் அகன்ற திரைமுன் அமர்ந்து பக்கம் அமைப்பவர், வயல் வரம்பில் வெயிலில் நின்று வாசிப்பவரையும், நாள் முழுதும் கோப்புகளைப் பார்த்துக் களைத்த கண்ணோடு இரவில் வாசிக்கும் சட்டத்தரணியையும் மறந்துவிடுகின்றார்.

எனவே தமிழ்ச் செய்தித்தளம் நடத்துவோரிடம் நாம் கேட்பவை மூன்று. செய்தியின்மேல் விளம்பரம் ஏறக்கூடாது. எழுத்து கறுத்து, பெருத்து, இடைவெளியுடன் நிற்கவேண்டும். வெள்ளம், புயல் முதலிய அபாய அறிவித்தல்கள் எழுத்து மட்டுமே கொண்ட தனிப்பக்கத்தில், நேரம் குறித்து, யாவற்றுக்கும் முதலாக வரவேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வாசகர்பால் மரியாதை இருந்தாற் போதும்.

வாசகர்களும் வாளாவிருத்தல் ஆகாது. கல்லும் உமியும் கலந்த நெல்லைக் கமக்காரர் சந்தைக்குக் கொண்டுவந்தால் வாங்குவோர் ஏற்பரோ? செய்தி மட்டும் அவ்வாறு வரலாமோ? தூற்றித் தருமாறு கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுடையது.