தாமிரபரணி நஞ்சை வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, சென்ட் என்ன விலை என்பதே. அடுத்தபடியாகக் கேட்பது, ரஸ்தாவுக்கு எவ்வளவு தூரம் என்பது. இவை தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. ஆயினும் இப்பிரதேசத்தில் நிலத்தின் மதிப்பை நிர்ணயிப்பது தண்ணீரே. அது எவ்வழியாய் வருகிறது, எவ்வழியாய் வடிகிறது என்று விசாரியாமல் முன்பணம் கொடுப்பது விவேகமாகாது.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்நதியில், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் ஏறக்குறைய 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. கார், பிசானம் என இருபோகம் விளையும் பூமி என்று விற்போர் கூறுவர். பாபநாசம் அணையின் 143 அடியையும் மணிமுத்தாற்றின் 118 அடியையும் எடுத்துக்காட்டுவர். ஆனால் மழை குறைந்த ஆண்டில் கார்ப் பருவத்துத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமற்போவதுண்டு. ஆதலால் எந்தக் கால்வாய், எந்த மடை, தலைமடையா கடைமடையா என்று கேட்டறிந்து, சென்ற ஐந்து பசலிகளின் அடங்கலைப் பார்வையிடுதல் அவசியம். காருக்குத் தரிசு என்று கண்டிருக்கும் வயலுக்கு இருபோக விலை கொடுக்கலாகாது.

பத்திரங்களைப் பற்றியும் சில கூறவேண்டும். பழைய சாசனங்களில் பரப்பு கோட்டை விதைப்பாடாகவும் மரக்கால் விதைப்பாடாகவும் கண்டிருக்கும். இக்காலப் பட்டாவிலோ ஹெக்டேர், ஏர்ஸ் என்றிருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றபடி, சர்வேயரைக்கொண்டு அளந்த பின்பே கிரயம் பேசுவது நலம். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்கேனும் எடுக்க வேண்டும். அதுவும் பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும். அசல் தாய்ப்பத்திரம் கைக்கு வாராவிடில், அது எங்கேனும் ஈடாக இருக்கலாம் என்று ஐயுறுவதே முறை.

நிலத்தை உழுபவர் யார் என்பது மற்றொரு முக்கியமான கேள்வி. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நிலம் கைமாறியது என்ற காரணத்தால் மட்டும் குத்தகைதாரரை வெளியேற்ற இயலாது. அவரைக் கலந்து பேசாமல் வாங்குபவர் நிலத்தோடு வழக்கையும் வாங்குகிறார். கோயில், மடங்களுக்குரிய நஞ்சைகளும் இப்பகுதியில் மிகுதி. அவற்றை உரிய அதிகாரிகளின் அனுமதியின்றி விற்க முடியாது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்குதல் சட்டப்படி செல்லாது, நியாயமும் அன்று.

இனி, நஞ்சையை மேடாக்கி மனைகளாகப் பிரித்து விற்பதைப் பற்றிக் கூறுவோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் மனை பிரித்து விற்போர் 2016-ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரமும் வேண்டும். இவ்விரண்டும் இருப்பினும் ஒரு கேள்வி எஞ்சும். பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்ந்தே செல்கிறது. நடுவில் ஒருவர் மண்ணடித்தால் கீழுள்ளவருக்குப் பாய்ச்சலும் இல்லை, மேலுள்ளவருக்கு வடிகாலும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. தாழ்ந்த இடத்துக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. தண்ணீர் தேங்கவென்று வகுத்த பூமியில் வீடு கட்டினால், தண்ணீர் தன் இடத்தைத் தேடி வருதல் இயற்கையே.

விற்கும் குடியானவரைக் குறை கூறுவதற்கில்லை. கூலி ஏற்றமும் ஆள் பற்றாக்குறையும் அவரை அந்நிலைக்குத் தள்ளுகின்றன. பயிரிடும் எண்ணமின்றி, விலை ஏறட்டும் என்று வாங்கித் தரிசாகப் போடுபவரே யோசிக்க வேண்டும். அவர் வயலில் மூடிய வாய்க்கால், அண்டை வயலின் பிசானத்தையும் கெடுக்கிறது. லாபங்கருதி மனை வாங்குவோருக்கு மேட்டுப் புஞ்சைகள் உண்டு. நெல்லுக்கோ நஞ்சையை விட்டால் வேறிடம் இல்லை.