கரீபியனில் படகு வேலை: ‘விசா வேண்டாம்’ என்றால் வேலை பார்க்கலாம் என்று அர்த்தமா?

‘விசா தேவையில்லை, அனுபவம் தேவையில்லை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், கரீபியன் தீவுகளில் சொகுசுப் படகில் வேலை.’ ரீல்ஸில் நீலக் கடலும் வெள்ளைப் படகும் ஓட, கீழே இப்படி நாலு வரி வந்தால் யாருக்குத்தான் விரல் நிற்காது? அதுவும் வேங்கிக்கால் மாதிரி ஊரில் கேட்டரிங் முடித்துவிட்டு, கிரிவலக் கூட்டத்தை நம்பி ஓடும் ஹோட்டலில் வேலை பார்ப்பவருக்கு அது வெறும் ரீல்ஸ் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட வைக்கிற விஷயம்.

அந்த நாலு வரியில் ‘விசா தேவையில்லை’ என்பது பாதி உண்மை. சிக்கலே அந்தப் பாதியில்தான்.

பார்படோஸ், ஜமைக்கா, டொமினிகா, டிரினிடாட் அண்ட் டொபாகோ போன்ற நாடுகளுக்கு இந்திய பாஸ்போர்ட்டில் முன்கூட்டி விசா எடுக்காமல் போகலாம். ஆனால், அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கான அனுமதி. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய வொர்க் பெர்மிட் வேணும். அதை வாங்க வேண்டியது வேலை கொடுக்கும் கம்பெனியின் பொறுப்பு. ‘முதல்ல போய் இறங்கிடுங்க, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், டூரிஸ்ட்டாக அனுப்பிவிட்டு அவர் கை கழுவப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

போகிற வழியும் லேசானதில்லை. அமெரிக்கா வழியாக விமானம் மாற வேண்டுமென்றால், ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும்.

இன்னொன்று, ‘கரீபியன்’ ஒரே நாடு இல்லை. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டவை, படகு வாடகைத் தொழிலின் தலைநகர் என்றே பெயர் எடுத்தவை. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்ஸுடையவை. காலையில் ஒரு தீவு, மாலையில் இன்னொரு தீவு என்று படகு போகும்போது, ஒவ்வொரு இடத்திலும் விதி மாறும்.

சரி, அந்த வேலைதான் என்ன?

சார்ட்டர் படகு என்றால், ஒரு குடும்பமோ நண்பர்கள் குழுவோ ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் படகு. சின்னப் படகில் ஒரு கேப்டன், ஒரு சமையல்காரர், அவ்வளவுதான். பல படகுகளில் கணவன் மனைவியாகவே இந்த இரண்டு வேலையையும் பார்ப்பார்கள். பெரிய யாட்களில்தான் டெக்ஹேண்ட், ஸ்டூவர்டு, இன்ஜினியர் என்று ஆட்கள் கூடுவார்கள். விருந்தினர் எழுவதற்கு முன் எழுந்து, அவர்கள் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவி முடிப்பதுதான் டெய்லி ரொட்டீன். ஒரு குரூப் இறங்கி அடுத்த குரூப் ஏறுவதற்குள் படகு முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். வாடகையில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். நல்ல சீசனில் அது சம்பளத்தோடு போட்டி போடும். ரீல்ஸ் போடுபவர்கள் காட்டுவது அந்த வாரத்தை.

காட்டாதது மீதி மாதங்களை. சீசன் சுமாராக நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். அட்லாண்டிக் பகுதியின் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் பல படகுகள் மத்தியதரைக் கடல் பக்கம் போய்விடும், அல்லது கரையில் கட்டிக் கிடக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளைத் தாக்கியபோது, துறைமுகங்களில் நின்ற படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த படங்களைத் தேடிப் பாருங்கள். 2024 ஜூலை 1-ல் பெரில் புயல் கிரெனடாவின் கரியாகு தீவைப் புரட்டிப்போட்டது. படகு போனால் வேலையும் போச்சு.

இதில் நுழையும் வழியே நம்ம ஊர் ஆட்களுக்கு எதிராக இருக்கிறது. ஆன்டிகுவா, சின்ட் மார்ட்டின் போன்ற இடங்களில் துறைமுகத்தில் படகு படகாக ஏறி இறங்கி ‘வேலை இருக்கா?’ என்று கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். ‘டாக்வாக்கிங்’ என்றே அதற்குப் பெயர். ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் 22 வயதுக்காரர் அதைச் செய்யலாம், வேலை கிடைக்காவிட்டால் டிக்கெட் போட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கிப் போனவர் அப்படிச் செய்ய முடியாது. 3 லட்சம் வாங்கியிருந்தால், வட்டி மட்டும் மாதம் 6,000 ரூபாய். படகு ஓடினாலும் நின்றாலும் அது ஓடும்.

அப்போ யாருக்குப் பணம் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது?

ஏஜென்ட்கள் மறைக்கும் விஷயம் இதுதான். கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006. அது 2013-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. மெடிக்கல் சான்றிதழ், பாஸ்போர்ட், கப்பல் பணியாளர் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும் நம்முடையது. படிப்புக்கான ஃபீஸ் தனிக் கணக்கு.

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் கம்பெனி, மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ‘ஆர்பிஎஸ்எல்’ என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2016-ல் வந்த விதிகளும் பணியாளரிடம் கமிஷன் வாங்குவதைத் தடுக்கின்றன. உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. பெயரைத் தேட இரண்டு நிமிடம் போதும்.

இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: கரையில் இருக்கும் ரிசார்ட், ஹோட்டல் வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் வேறு ரகம். அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வரை வாங்கலாம். இந்த விதியைக் காட்டி கப்பல் வேலைக்குப் பணம் கேட்டால் அது கதை.

நேர் வழியில் போவதென்றால் எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பயிற்சி முதல் படி. கடலில் உயிர் பிழைப்பது, தீயணைப்பு, முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு, கூடவே கப்பல் பாதுகாப்பு வகுப்பு. லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதிக்க வைப்பார்கள், எனவே நீச்சல் பயம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து ‘இண்டோஸ்’ எண், ‘சிடிசி’ எனப்படும் பணியாளர் புத்தகம். யாட் வேலைக்கு பிரிட்டிஷ் கடல்சார் அமைப்பின் ‘இஎன்ஜி1’ மெடிக்கலை நிறைய கேப்டன்கள் கேட்பார்கள். சமையல் பக்கம் போகிறவருக்கு உணவுச் சுகாதாரச் சான்றிதழ் கூடுதல் பலம். ‘கோர்ஸ் முடிச்சா வேலை கேரண்டி’ என்று பேக்கேஜ் போட்டு விற்பவரிடம், கோர்ஸ் ஃபீஸுக்கும் வேலைக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். அந்த நிமிடமே பேச்சின் தொனி மாறும்.

ஆர்பிஎஸ்எல் கம்பெனிகள் பெரும்பாலும் சரக்குக் கப்பல், டேங்கர், குரூஸ் கப்பல்களுக்குத்தான் ஆள் எடுக்கின்றன. சின்னச் சின்ன சார்ட்டர் படகுகளுக்கு இங்கிருந்து மொத்தமாக ஆள் அனுப்பும் வழி அபூர்வம். என் கணிப்பில், கேட்டரிங் படித்த ஒருவருக்கு கரீபியன் கடலைப் பார்க்க நடைமுறையில் இருக்கும் பாதை குரூஸ் கப்பலின் கிச்சன்தான். ஆறேழு மாத ஒப்பந்தம், கடுமையான வேலை, ஆனால் பேப்பர் சுத்தம். இரண்டு மூன்று ஒப்பந்தம் முடித்த அனுபவத்தோடு யாட் பக்கம் நகர்பவர்கள் உண்டு.

ஏஜென்ட் பேச்சை நம்பி அந்தக் கடலுக்குப் போன முதல் தலைமுறை நாம் இல்லை. 1853-ல் ‘ஒரேலி’ என்ற கப்பல் தமிழ்க் கூலித் தொழிலாளர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த வருடம் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் டிக்கெட் என்றுதான் வாக்குறுதி. பெரும்பாலானோர் திரும்பவே இல்லை. அங்கே இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, தமிழ்ப் பெயர்களில் இருந்து வந்த குடும்பப் பெயர்களும் இருக்கின்றன.

திரும்பிவருவது இன்றைக்கும் உறுதியில்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பணியாளர்கள் முதலாளிகளால் கைவிடப்பட்டார்கள். அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள், 899 பேர். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே அது ‘கைவிடப்பட்ட’ நிலை. உடன்படிக்கைக்குள் வரும் கப்பலாக இருந்தால் நான்கு மாதச் சம்பளம் வரையும் ஊர் திரும்பும் செலவும் இன்ஷூரன்ஸில் வர வேண்டும். வாடகைக்கு விடாத தனியார் சொகுசுப் படகு அந்த உடன்படிக்கைக்கு வெளியே நிற்கிறது. அதனால் ‘படகு கமர்ஷியலாகப் பதிவானதா, எந்த நாட்டுக் கொடி?’ என்று சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆஃபர் லெட்டர் ஏற்கெனவே கையில் இருந்தால், படகின் பெயர், பதிவு எண், முதலாளி யார், எந்த கரன்சியில் சம்பளம், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்று ஐந்தும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பாஸ்போர்ட் ஒரிஜினலை ஏஜென்ட்டிடம் விட்டு வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கென்றே தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978-லிருந்து இயங்குகிறது, அங்கேயும் விசாரிக்கலாம். உள்ளூர் ஏஜென்ட் மீது புகார் என்றால், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. பணத்தை ஆன்லைனில் அனுப்பிவிட்டு இப்போதுதான் சந்தேகம் வருகிறதா? திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 1930-க்கு உடனே அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் சொன்னால்தான் அதை முடக்க வாய்ப்பு இருக்கும்.