பூஞ்சணத்துக்குப் புகழ்மாலை! பறிக்கும் கைகளுக்கு?

ஸொதேர்ன் மதுவை உண்டாக்குவது யார்? முதலாளித்துவப் பத்திரிகைகளைக் கேட்டுப் பாருங்கள். மூடுபனி உண்டாக்குகிறது, மண் உண்டாக்குகிறது, பூஞ்சணம் உண்டாக்குகிறது என்று ஒரே குரலில் பதில் வரும். மனிதனைத் தவிர மற்றதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது!

பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்குத் தெற்கில் ஐந்து கிராமங்களைக் கொண்ட வட்டாரம் ஸொதேர்ன். அங்கே ஸிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர், கரோன் நதியின் வெதுவெதுப்பான நீரில் கலக்கிறது. இலையுதிர் காலத்தில் காலைதோறும் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் திராட்சையின் மேல் ஒருவகைப் பூஞ்சணம் படர்கிறது. பகல் வெயிலில் பழம் நீர் வற்றிச் சுருங்குகிறது. உள்ளே சர்க்கரை கெட்டிப்படுகிறது. அதைப் பிழிந்த சாறுதான் உலகப் புகழ் பெற்ற இனிப்பு வெள்ளை மது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இது பாதி உண்மை! பூஞ்சணம் எல்லாக் குலைகளிலும் ஒரே நாளில் படர்வதில்லை. ஒரே குலையில் ஒரு பழம் பக்குவப்பட்டிருக்கும். அடுத்தது பூஞ்சணமே படாமல் இருக்கும். மற்றொன்று அழுகி உதவாமல் போயிருக்கும். இன்னது என்று பார்த்துப் பறிப்பது தொழிலாளியின் கண்ணும் கையும்தான். ஆணும் பெண்ணுமாகக் கத்தரி பிடித்து, ஒரே கொடி வரிசைக்கு நான்கு முறை, ஐந்து முறை, சில ஆண்டுகளில் அதற்கு மேலும் திரும்பி வருகிறார்கள். டிகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் மதுதான் என்று பெருமை பேசுகிறார்களே, அந்த ஒரு கிண்ணத்துக்கு எத்தனை முறை முதுகு வளைந்தது என்று யாராவது எழுதியதுண்டா?

தரகர் எழுதிய வேதம்

1855ல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் கண்காட்சி நடத்தினான். அதற்காகப் போர்தோ மதுத் தரகர்கள் தரவரிசைப் பட்டியல் போட்டார்கள். அவர்கள் கையிலிருந்த அளவுகோல் சந்தை விலை! ஸொதேர்ன் மதுக்களில் டிகெமை மட்டும் தனி உச்சியில் ஏற்றி வைத்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் வேதவாக்காக இருக்கிறது.

1785 முதல் டிகெம் லூர்-ஸாலூஸ் பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. 1789ல் மக்கள் பாஸ்டீல் சிறையைத் தகர்த்தார்கள். 1793ல் மன்னனின் தலை உருண்டது. தோட்டம் மட்டும் பிரபு வம்சத்தை விட்டுப் போகவில்லை. புரட்சியால் அசையாததைப் பணமூட்டை அசைத்தது! 1996ல் எல்.வி.எம்.எச். என்ற ஆடம்பரச் சரக்கு ஏகபோகம் பங்குகளை வாங்கியது. குடும்பச் சண்டை ஓய்ந்து 1999ல் அதன் பிடி இறுகிற்று. ரியூஸெக் தோட்டம் 1984ல் ராத்ஸ்சைல்டு கூட்டத்திடம் போனது. ஸுய்துய்ரோ தோட்டம் 1992ல் ஆக்ஸா இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போனது. பிரபு போனார், பாங்கி முதலாளி வந்தார். கத்தரி பிடித்த கைக்கு என்ன மாறிற்று?

2012ல் பருவம் கெட்டதால் டிகெம் அந்த ஆண்டு மதுவையே வெளியிடவில்லை. "தரத்துக்காகத் தியாகம்" என்று பாராட்டு மழை! ஏகபோகத்துக்கு ஓராண்டு வருமானம் போனால் வயிறு காயாது. பக்கத்துத் தோட்டத்துச் சிறு விவசாயி என்ன செய்வான்? 2021 ஏப்ரல் உறைபனியில் துளிரெல்லாம் கருகிற்று. இனிப்பு மதுவுக்குக் கிராக்கியும் குறைந்துவிட்டது. இனிப்பில்லாத மது செய்து காலம் தள்ளுவோர் பலர். ஆனால் 1811ம் ஆண்டு டிகெம் புட்டி ஒன்று, 2011ல் 75,000 பவுனுக்கு விலை போயிற்று!

ஓய்வு நாளின் மேலும் கை

1906ல் பிரெஞ்சுத் தொழிலாளி வர்க்கம் வார ஓய்வுச் சட்டத்தை வென்றெடுத்தது. அது ஆலைக்கும் கடைக்கும்தான் பேசிற்று. நிலத்தில் உழைப்பவன் அதில் இல்லை. பின்னால் அவனுக்குக் கிடைத்த ஓய்வின் மீதும் இப்போது கை வைத்துவிட்டார்கள். 2024 ஜூலை 9ல் பிரெஞ்சு அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. இன்ன ஊர்ச் சரக்கு என்று பெயர் பெற்ற விளைச்சலைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்று விதியிருந்தால், முப்பது நாளில் ஒரு முறை வார ஓய்வை நிறுத்தி வைக்கலாமாம்! ஸொதேர்ன் விதியும் கையால் பறிக்கத்தான் சொல்கிறது. ஆக, எந்தக் கைத்திறனால் மதுவுக்குப் பெயரோ, அந்தக் கைத்திறனையே காரணம் காட்டி ஓய்வைப் பிடுங்குகிறார்கள்.

"பழம் காத்திராதே!" என்கிறார்கள். பழம் காத்திராது, உண்மைதான். அப்படியானால் கூடுதல் ஆட்களை அமர்த்து, முறை வைத்து வேலை கொடு! அதற்குப் பணமில்லையா? பழைய புட்டி 75,000 பவுனுக்குப் போகிற ஊரில் யாரிடம் இந்தக் கதை?

அதே நாட்டின் ஷாம்பெயின் வட்டாரத்தில் 2023 அறுவடையின் கடும் வெயிலில் தொழிலாளர்கள் சிலர் மாண்டனர். அந்த அறுவடைக்கே ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இழிந்த கொட்டடிகளில் அடைத்த ஆள்பிடிப்போர் மூவரை, மனித வியாபாரக் குற்றத்துக்காக 2025ல் நீதிமன்றம் தண்டித்தது. ஸொதேர்னிலும் அப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. பருவகாலக் கூலியின் உரிமையை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் பாதை எங்கே போய் முடியும் என்பதைத்தான் காட்டுகிறோம்.

மதுவின் மீது நமக்குப் பகையில்லை; அதைச் செய்யத் தெரிந்த கைகளின் மீது பெருமதிப்பு உண்டு. அதனால்தான் கேட்கிறோம்: ஓய்வு ஆணையை ரத்துச் செய்! பறிப்பவருக்கு நல்ல கூலியும் தங்க நல்ல இடமும் கொடு! 1855ன் பட்டியலில் இல்லாத பெயர் உழைப்பாளியின் பெயர். அதை எந்தத் தரகனும் எழுதப் போவதில்லை. சங்கமாகத் திரண்டு உழைப்பாளியேதான் எழுத வேண்டும்!