படிப்பதற்கென்று ஒரு கருவி

"கையில்தான் செல்போன் இருக்கிறதே, அதிலேயே எல்லாப் புத்தகமும் வருகிறதே, படிப்பதற்கென்று தனியாக இன்னொரு கருவி எதற்கு?" நம் சங்க அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் விலை குறைந்த சாதாரண ஈ-ரீடரே போதும், உயர்ந்த ரகம் வேண்டியதில்லை. ஆனால் தமிழ் படிக்கிறவர்கள் அதை வாங்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உள்ளன. இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லாததால் கடைக்காரர்கள் அவற்றைச் சொல்வதில்லை.

நான் இருப்பது கல்லாற்றில். பொன்முடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் விதுரா தாண்டி, ஆற்றில் உருண்டைக் கற்களைப் பார்த்துவிட்டு, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறத் தொடங்கும் இடம். மேலே பொன்முடி, அந்தப் பக்கம் போணக்காடு என்று தேயிலைத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன்பு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போக வேண்டும். அங்கே 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் உண்டு, நம் சங்க நூலகமும் உண்டு. எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் அதே தூரம் போக வேண்டும்.

வீட்டிலேயே புத்தகம் சேர்க்கலாமே என்றால், மலையடிவாரத்து ஈரம் விடாது. ஆனி, ஆடி மாதங்களில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை மணம்தான் முதலில் வரும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். மழையில் மரம் மின்கம்பி மேல் சாய்ந்துவிட்டால் மின்சாரம் வர நேரமாகும். அப்போது செல்போனில் இருக்கிற சார்ஜை அவசரப் பேச்சுக்கென்று காப்பாற்றி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் செல்போனில் நாவல் படிக்க யார் துணிவார்கள்?

ஈ-ரீடர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் திரை டெலிவிஷன் திரை போன்றதல்ல. உள்ளே கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சிறு குமிழிகள். ஒவ்வொரு குமிழியிலும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். கீழிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் எழுதப்பட்டதும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம், எழுத்து அப்படியே நிற்கும். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், தண்டவாளத்து பாயிண்ட் மெஷினைப் போல. பாயிண்டை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தள்ளும்போதுதான் மோட்டார் மின்சாரம் இழுக்கும். தள்ளிப் பூட்டிய பிறகு வண்டி எத்தனை போனாலும் மோட்டாருக்கு வேலை இல்லை. அதனால்தான் கம்பியில்லா இணைப்பை அணைத்துவிட்டுத் தினம் அரை மணி நேரம் படித்தால் ஆறு வாரம் வரை தாங்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் அதைவிட நிறையப் படிக்கிறவன். எனக்கு அவ்வளவு வராது. வந்தவரைக்கும் போதும்.

கண்ணுக்கும் இதுதான் நல்லது என்பது என் அனுபவம். செல்போனில் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து நம் கண்ணை நோக்கி வருகிறது. ஈ-ரீடரில் விளக்கு ஓரத்தில் இருந்துகொண்டு திரையின் மேல் படுகிறது, மேஜை விளக்கு தாள் மேல் படுவதுபோல. பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் அந்த விளக்கும் வேண்டாம், வெயிலில் எழுத்து இன்னும் தெளிவாகத்தான் தெரியும். படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரும் 'குட் மார்னிங்' பூப்படம் அனுப்ப முடியாது என்பது இன்னொரு லாபம்!

எதை வாங்குவது? ஆறு அங்குலத் திரை போதும். 2022-இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 16 ஜிகாபைட் இடம். இந்தியாவில் அதற்கு வைத்த விலை ரூ.9,999. அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அடங்கும், நம் ஆயுளுக்குக் காணும். எழுதுவதற்குப் பேனா, பெரிய திரை, வண்ணம் என்றெல்லாம் விலை ஏறிக்கொண்டே போகும். கதை, கட்டுரை படிக்கிறவருக்கு அவை எதற்கு? பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் விளக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கிண்டிலுக்கு விளக்கு வந்ததே 2019-இல்தான். திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருப்பதால் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கக் கூடாது. உடைந்தால் பழுது பார்ப்பதற்குப் பதில் புதிதே வாங்கலாம் என்று ஆகிவிடும். நல்ல உறை ஒன்று கூடவே வாங்கிவிடுவது நலம்.

இனி தமிழ் விஷயம். வாங்குவதற்கு முன், அல்லது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு தமிழ்ப் புத்தகத்தை அதில் திறந்து பாருங்கள். 'கொ', 'போ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவை வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக, இரண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டியது கருவியின் வேலை. அந்த அறிவு இல்லாத கருவியில் கொம்பு ஓரிடத்திலும் புள்ளி வட்டம் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். அல்லது வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். சில கருவிகளில் தமிழ் எழுத்துருவை நாமே ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும். சிலவற்றில் அதுவும் பலிக்காது. இங்கிலீஷ் பக்கத்தைக் காட்டி "எவ்வளவு தெளிவு பாருங்கள் சார்" என்று விற்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நம் மொழியில் சொற்கள் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொல்தான் அடங்கும். கருவி வலது ஓரத்தை நேராக்கப் பார்த்து, சொற்களுக்கிடையில் ஆற்றைக் கடக்கும் அகலத்துக்கு இடைவெளி விடும். வலது ஓரத்தை நேராக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் மட்டும் சீராக வைத்துக்கொள்ளுங்கள். படிப்பது எவ்வளவோ சுலபமாகிவிடும்.

அடுத்தது, புத்தகம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. பி.டி.எஃப் என்பது அச்சடித்த பக்கத்தின் படம் மாதிரி. பெரிய தாளுக்குச் செய்ததை ஆறு அங்குலத்தில் பார்த்தால் எறும்பு ஊர்ந்தது போலிருக்கும். ஈபப் என்ற வடிவத்தில் எழுத்து ஓடும் தண்ணீர் போல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும். பெரும்பாலான கருவிகள் ஈபப்பை நேராகவே படிக்கின்றன. கிண்டிலுக்கு மட்டும் அந்த நிறுவனத்தின் வழியாக அனுப்பி மாற்ற வேண்டும், 2022-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. அல்லது காலிபர் என்ற இலவச மென்பொருளில் நாமே மாற்றலாம். கோவிட் கோயல் என்ற நம் நாட்டுக்காரர் 2006-இல் தொடங்கியது அது.

செங்கோட்டை வழியில் மீட்டர்கேஜ் இருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கேஜில் வந்த வண்டி மறு கேஜில் ஏறாது. எல்லாவற்றையும் கொல்லத்தில் இறக்கி ஏற்ற வேண்டும். 1992-இல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கி, அந்த வழி முழுவதும் பிராட்கேஜாக 2018 ஆயிற்று. மின்நூலில் ஈபப்தான் பிராட்கேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும் புத்தகம் அந்த நிறுவனத்தின் தண்டவாளத்தில் மட்டுமே ஓடும். 2009-இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய புத்தகத்தை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும் வீட்டு அலமாரிக்குள் கை விட்ட மாதிரிதானே? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 கடைசியில் விற்பனைக்கு வந்தபோது நானும் மகிழ்ந்தவன்தான். இன்று வாழும் எழுத்தாளர்களின் நூல்களை அங்கே வாங்குவதில் தவறில்லை. ஆனால் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்க வேண்டிய நூல்களை அங்கே மட்டும் நம்பி விடாதீர்கள்.

அவற்றுக்கு வேறு இடங்கள் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து பிழை திருத்திய நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சங்க இலக்கியம் முதல் பாரதி, கல்கி வரை அங்கே கிடைக்கும். ஊரை விட்டு வெளியே போனவர்கள் செய்த வேலை அது என்பதை நாம் மறக்கக் கூடாது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், ஆசிரியர்களே மனமுவந்து கொடுத்த நூல்கள் ஈபப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளந்து செய்த பி.டி.எஃப்பாகவும் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் நிறுவனமும் பெரும் களஞ்சியங்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருப்பதால் அவற்றைக் கணினியில் படிப்பதே உத்தமம்.

வாட்ஸப்பில் சுற்றும் பி.டி.எஃப்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை உரிமை உண்டு. நேற்று வெளிவந்த நாவலை ஸ்கேன் செய்து ஐம்பது பேருக்கு அனுப்புவது தமிழ்த் தொண்டு ஆகாது. ஆயிரம் பிரதி விற்றாலே பெரிது என்றிருக்கும் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பது அது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பிள்ளைகள் சங்கதி. நம் வீட்டுக் குழந்தைகள் தமிழ் பேசும், பள்ளியில் மலையாளம் படிக்கும், தமிழ் எழுத்தைக் கண்டால் முழிக்கும். இவர்களிடம் பொன்னியின் செல்வனைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் ஒரே குட்டிக் கதை பல மொழிகளில் இருக்கிறது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு கதையை முதலில் மலையாளத்தில் படிக்கட்டும், உடனே அதே கதையைத் தமிழில் திறந்து கொடுங்கள். கதை தெரிந்துவிட்டதால் எழுத்தை ஊகித்து ஊகித்துப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைக்கலாம், படம்தான் கறுப்பு வெள்ளையாக இருக்கும். செல்போனைக் கொடுத்துப் படி என்றால் இரண்டாம் நிமிடம் விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். இதில் அதற்கு வழியில்லை.

ஆகவே நம் சங்கச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. நூலகத்துக்கு இன்னொரு இரும்பு அலமாரி வாங்கும் யோசனையை இந்த ஆண்டு தள்ளி வைத்து, நான்கு சாதாரண ஈ-ரீடர்கள் வாங்குங்கள். காப்புரிமை முடிந்த நூல்களையும் இலவச உரிமத்தில் வந்தவற்றையும் மட்டும் நிரப்பி, முன்பணம் பெற்றுக்கொண்டு மாதக் கணக்கில் இரவல் கொடுங்கள். முதலில் கல்லாறு, விதுரா பக்கத்துக் குடும்பங்களுக்கும், படியேறி நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் கொடுக்கலாம். நூல்களை ஏற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். கூடவே நம் இதழையும் கவனியுங்கள். உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் வருவது பெரிய தாளில் இரண்டு பத்தியாக அமைத்த பி.டி.எஃப். எழுத்துருவோ யூனிகோடுக்கு முந்தியது, வேறெங்கும் எடுத்து ஒட்டினால் கிறுக்கலாக மாறிவிடுகிறது. யூனிகோடில் அச்சுக்கோத்து ஈபப்பாகவும் வெளியிட்டால், அடுத்த இதழை நான் மழைக்காலத்தில் மின்சாரம் இல்லாமலேயே படித்துவிடுவேன்.