சேற்றில் உணவு தேடும் திமிங்கிலம்

திமிங்கிலம் என்றவுடன் யோனாவின் கதைதான் நம் நினைவுக்கு வருகின்றது. யோனா நூல் கூறுவது 'பெரிய மீன்' என்பதை மட்டுமே. திமிங்கிலம் என்பது நாம் சேர்த்துக்கொண்டது! வட பசிபிக் கடலில் வாழும் சாம்பல் திமிங்கிலமோ, தன் பேருருவுக்குப் பொருந்தாத சிற்றுணவையே நாடுகின்றது. ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள இவ்விலங்கு பெரும்பாலும் உண்பது இறாலினச் சிற்றுயிர்களையே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி என்றொரு தீவு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இளவேனிற் காலத்தில் சில திமிங்கிலங்கள் அதன் கரையோரச் சேற்றுவெளிக்கு வருகின்றன. கடலேற்றத்தின்போது, தம் உடல் முழுதும் மறையாத ஆழமற்ற நீரில் ஒருக்களித்துப் படுத்து, வளைக்குள் வாழும் இறாலைச் சேற்றோடு உறிஞ்சுகின்றன. பல்லுக்குப் பதிலாக மேல்வாயில் தொங்கும் தகடுகள் சேற்றை வெளியே விட்டு, இறாலை நிறுத்திக்கொள்கின்றன. பெரும்பாலானவை வலப்பக்கமாகவே படுப்பதால் அப்பக்கத் தகடுகள் தேய்ந்து குட்டையாகிவிடுமாம். நம்மைப் போல் அவையும் வலக்கைப் பழக்கமுடையவை போலும்! கரையில் நிற்போருக்கு நீர்மேல் எழும் ஒரு துடுப்பும் பாதி வாலுமே தெரியும். கடல் வற்றியபின் பார்த்தால், எருமைகள் புரண்டெழுந்த வயல்போலச் சேறெங்கும் பள்ளங்கள். நீர் வற்றுமுன் மீளாவிடில் தரைதட்டி மடிய நேரும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வினத்தின் பெரும்பகுதி மெக்சிக்கோவின் கடற்கழிகளில் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் உண்பதற்காக ஆர்க்டிக் கடல்வரை செல்கின்றது. போகவர 16,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்! வழியில் உணவு அரிதே. கோடையில் சேர்த்த கொழுப்பே கட்டுச்சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காரர் கன்று ஈனும் கழிகளிலேயே இவற்றைக் கொன்று குவித்தனர். பின்னர்ப் பன்னாட்டு உடன்பாடுகளால் வணிக வேட்டை தடுக்கப்படவே, இவை மீண்டும் பெருகின. 2016-இல் ஏறத்தாழ 27,000 இருந்தன. 2019 முதல் மெலிந்த உடல்கள் கரையொதுங்கலாயின. 2023-இல் எஞ்சியவை சுமார் 14,500. வடகடல் வெப்பமடைந்து, பனிக்கட்டி குறைந்து, அடிநிலத்து உணவு மாறியதே இதற்குக் காரணம் என அறிஞர் கருதுகின்றனர். வணிக வேட்டை ஏதுமின்றியே இவ்வினம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

கடலில் விளையாடும் பேருயிரும் ஏற்ற காலத்தில் ஆண்டவரிடம் உணவுக்காகக் காத்திருப்பதாக 104-ஆம் திருப்பாடல் பாடுகின்றது. அவர் விரித்த பந்தியைக் கலைத்தவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

விட்பி தீவின் சேற்றுக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில திமிங்கிலங்களே வந்தன. பஞ்ச ஆண்டுகளில் புதியவை சில அவற்றோடு சேர்ந்து, அதே சேற்றில் உண்ணக் கற்றுக்கொண்டன.