பீங்கானை உடைக்கும் முன் மொட்டைமாடிக்குப் போங்கள்



வீரகேரளம்புதூர் வாசகி ஒருவர், கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு மாடி எடுத்த பிறகுதான் தொல்லையாம். மேலே ஃப்ளஷை அழுத்தினால் கீழ்வீட்டுக் குளியலறையில் குளுக் குளுக்கென்று சத்தம், பின்னாலேயே நாற்றம். கீழே தண்ணீரும் இழுத்துக்கொண்டு போவதில்லை. வந்து பார்த்தவர் பீங்கானை உடைத்து மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. கூச்சமும் வேண்டாம். இதே தொல்லை பாதித் தெருவில் இருக்கும், யாரும் வெளியே சொல்வதில்லை.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். கழிவுக்குழாயின் கதையும் அதுதான். தண்ணீர் இறங்கும்போது பின்னாலேயே காற்று வர வேண்டும். மேல்வழி அடைத்திருந்தால், அந்தக் காற்றைக் குழாய் கீழ்வீட்டு டிராப்புகள் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுகள்) வழியாக இழுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்கிற குளுக் சத்தம் அதுதான். இழுக்கிற இழுப்பில் டிராப்பில் நிற்கும் தண்ணீரும் போய்விடும். நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவு இன்றும் நம் பீங்கானுக்கு அடியில் இருக்கிறது. வெஸ்டர்ன் கோப்பையில் அந்தத் தண்ணீர் வழக்கமாக 50 மி.மீ. ஆழம் நிற்கும். கிராமங்களில் வாளியால் ஊற்றும் வகைக் கோப்பையில் 20 மி.மீ.தான். வறண்டுபோக அதிக நேரம் ஆகாது.

மாடி எடுக்கும்போது நடப்பது இது: கழிவுக்குழாயை மொட்டைமாடிக்கு மேல் நீட்டித் திறந்து விடாமல், புதுக் குளியலறை மட்டத்திலேயே மூடி போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு துண்டு பைப்பு மிச்சம்! செப்டிக் டேங்குக்கு என்று இருக்கும் காற்றுக் குழாயோ பழைய உயரத்திலேயே, புதுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நிற்கும். நாற்றம் பொறுக்காமல் வீட்டுக்காரர் அதன் வாயில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டிவிடுவார். தொல்லை அன்றே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். கொசுவுக்காக வலை கட்டச் சொல்லும் சுகாதாரப் பணியாளர்கள் சொல்வது சரி. ஆனால் வலைதான் கட்ட வேண்டும், பழந்துணி அல்ல. இந்தியத் தர நிர்ணயம் 2470 சொல்வதும் அதுதான்: குழாய் 50 மி.மீ. விட்டமாவது இருக்க வேண்டும், வாயில் கொசு புகாத கம்பிவலை வேண்டும், டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் குழாய் கட்டிடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும்.

எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஒரு வாளித் தண்ணீரைக் கோப்பையில் ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். சரசரவென்று போய்விட்டால் குழாயில் குற்றமில்லை. அந்தக் கோப்பையின் ஃப்ளஷ் தொட்டியில் மிதவை தாழ்ந்திருக்கும், அல்லது உப்புத் தண்ணீர் விளிம்புத் துளைகளை அடைத்திருக்கும். தண்ணீர் ஏறி நின்று மெல்ல இறங்கினால் அடைப்பு. இறங்கும்போது பக்கத்து டிராப் குளுக்கென்றால் மொட்டைமாடி ஏறிக் குழாய் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வாயில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை மட்டும் ஆகாது, உள்ளே மீத்தேன் இருக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுவதும் ஆபத்து. கிளம்புவது குளோரின் வாயு.

உங்கள் ஊருக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது, கோப்பைத் தண்ணீர் தானாக ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள். குழாய் வாயில் காற்று மோதுகிறது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் சிற்றாறும் வாய்க்கால்களும் நிறைந்து நிலத்தடி நீர் ஏறினால் உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது. மழை நாளில் மட்டும் மக்கர் செய்தால் காரணம் அங்கேதான். பிளம்பரைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் வடியும்வரை சிக்கனமாகப் புழங்குங்கள்.

டேங்க் நிரம்பியிருந்தால் லாரிதான் வழி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது. மூடியைத் திறந்து ஆளை உள்ளே இறக்காதீர்கள், "நான் இறங்குகிறேன்" என்று அவரே சொன்னாலும். விஷவாயு மூச்சை நிறுத்த ஒரு நிமிடம் போதும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. லாரிக்கு நகரத்தில் இருப்பவர்கள் 14420 என்ற எண்ணை அழைக்கலாம். ஊராட்சிகளில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, உரிமம் உள்ள லாரியையே வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்